மூச்சும் குரலும்: இராபர்ட் டோனட்டின் நடிப்பு வாழ்க்கை

முன்னுரை

1939ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான ஆஸ்கர் விருதுகளில் ‘கான் வித் த விண்ட்’ ஏனைய படங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. ஆயினும் அப்படத்தின் நாயகர் கிளார்க் கேபிளுக்குச் சிறந்த நடிகர் விருது கிட்டவில்லை. லாரன்ஸ் ஒலிவியே, ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மிக்கி ரூனி ஆகியோரும் அவ்வாண்டுப் போட்டியில் இருந்தனர். விருதைப் பெற்றவர் ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’ படத்தில் பள்ளி ஆசிரியராக நடித்த இராபர்ட் டோனட். ஒலிவியேவின் பெயர் நாடகம் பயில்வோரிடையே இன்றும் வழங்க, டோனட்டின் பெயரோ பழந்திரைப்பட ஆர்வலர் வட்டத்துக்குள் சுருங்கிவிட்டது. ஆஸ்துமா எனப்படும் ஈளைநோய் அவருடைய தொழில்வாழ்வைச் சிதைத்தது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது ஓரளவே உண்மை. மூச்சோடு நடத்திய போராட்டத்திலிருந்துதான் அவருடைய தனித்த நடிப்புமுறையும் உருப்பெற்றது எனக் கருத இடமுண்டு.

இளமையும் குரற்பயிற்சியும்

டோனட் 1905 மார்ச் 18 அன்று மான்செஸ்டர் அருகிலுள்ள விதிங்டனில் பிறந்தார். தந்தை பொறியாளர், ஜெர்மானிய வழியினர். நால்வராகிய ஆண்மக்களுள் டோனட்டே இளையவர். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஜேம்ஸ் பெர்னார்டு என்னும் பேச்சுக்கலை ஆசிரியரிடம் பயிற்சிக்கு அனுப்பப்பெற்ற அவர், பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நீங்கி, அவ்வாசிரியருக்கே செயலாளராகப் பணிபுரிந்து, அவ்வருவாயைக் கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் ஆங்கிலத் திரையுலகின் இனிய குரல்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட அக்குரல் இயற்கையின் கொடையன்று. சொல்லைச் சொல்லாகப் பிரித்துப் பயின்று ஈட்டியது. இச்செய்தி அவருடைய நடிப்பை ஆராய்வார்க்கு மிக இன்றியமையாதது.

1921இல் பர்மிங்காம் நகரின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில், ஹென்றி பேய்ன்டன் குழுவினர் நடத்திய ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் லூசியஸ் என்னும் சிறுவனாக முதன்முதல் மேடையேறினார். 1924இல் சர் பிராங்க் பென்சனின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் சேர்ந்து நான்காண்டுகள் ஊர்ஊராகச் சுற்றினார். ஒலிபெருக்கி இல்லாத அரங்குகளில் கடைசி வரிசைக்கும் சொல் சென்று சேர வேண்டும். மூச்சுக்குறை உள்ள ஒருவருக்கு இதைவிடக் கடுமையான பள்ளி அமைந்திருக்க இயலாது. இலண்டன் மேடையில் அவருக்குப் பெயர் கிடைத்தது 1931இல் ‘பிரெஷஸ் பேன்’ நாடகத்திலும், 1933இல் ஜேம்ஸ் பிரிடியின் ‘எ ஸ்லீப்பிங் கிளர்ஜிமேன்’ நாடகத்திலும்தான்.

திரைக்கு வருதல்

அலெக்சாண்டர் கோர்டாவின் ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி எய்த்’ (1933) அவரைத் திரையில் நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு ‘தி கவுண்ட் ஆஃப் மான்டே கிறிஸ்டோ’ படத்திற்காக ஹாலிவுட் சென்றார். அப்படம் வெற்றி பெற்றபோதிலும் அவர் மீண்டும் அங்குச் சென்று நடிக்கவில்லை. வார்னர் நிறுவனம் அவருக்கென வைத்திருந்த ‘கேப்டன் பிளட்’ நாயகன் வேடம் எரோல் ஃபிளின்னிடம் சென்றது. டோனட்டின் படங்கள் எண்ணிக்கையில் ஏறத்தாழ இருபதாக நின்றுவிட்டமைக்கு நோய் மட்டும் காரணமன்று என்பதற்கு இது சான்று. அவர் மறுத்தவையும் பல.

1935இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ படத்தில் ஒரு காட்சி தனித்து நோக்கத்தக்கது. காவலரிடமிருந்து தப்பியோடும் ஹானே, ஒரு கையில் விலங்குடன் தேர்தல் கூட்ட அரங்கொன்றில் நுழைகிறான். அங்குள்ளோர் அவனையே அன்றைய பேச்சாளன் எனக் கருதி மேடையேற்றிவிடுகின்றனர். பேச ஒன்றுமில்லாதவன் பேசத் தொடங்குகிறான். தொடக்கத்தில் தட்டுத்தடுமாறி, இடையில் வேடிக்கையாக, பின்னர்த் தன் சொந்த இக்கட்டே சொல்லாக மாற, கூட்டம் ஆரவாரிக்கும் அளவுக்கு அப்பேச்சு உயர்கிறது. ஒரே மூச்சில் முழங்குவதற்கு மாறாக, சிறுசிறு தொடர்களாக ஏறிச்செல்லும் அமைப்பு அது. தடுமாற்றத்திலிருந்து சரளத்திற்குச் செல்லும் அப்பாதை, திக்குவாயைப் பயிற்சியால் வென்ற ஒருவருக்குப் புதிதன்று.

நோயும் பாத்திரமும்

1937இல் வெளிவந்த ‘நைட் வித்தவுட் ஆர்மர்’ படப்பிடிப்பின்போது நோய் முற்றியது; பணி வாரக்கணக்கில் தடைப்பட்டது. வேறு நடிகரை அமர்த்தலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, உடன் நடித்த மார்லின் டீட்ரிச் டோனட்டுக்காகக் காத்திருக்க வேண்டும் என வற்புறுத்தி அவ்வேடத்தைக் காத்தார்.

ஏ. ஜே. குரோனின் நாவலைத் தழுவிக் கிங் விடோர் இயக்கிய ‘தி சிட்டடெல்’ (1938) இவ்வகையில் வியப்பூட்டும் படம். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராயும் இளம் மருத்துவர் ஆண்ட்ரூ மேன்சனாக டோனட் நடித்தார். உயிரற்றுப் பிறந்ததாக எண்ணப்பட்ட சிசுவுக்கு அம்மருத்துவர் மூச்சை மீட்டுத் தரும் காட்சி படத்தின் உயிர்நிலை. அக்காட்சியில் அவர் அழுகையையோ ஆர்ப்பாட்டத்தையோ நாடவில்லை. கைகளின் விரைவும் முகத்தின் அச்சமுமே பேசுகின்றன. காட்சிகள் கதைவரிசைப்படி படமாக்கப்படுவதில்லை என்பதால், பாத்திரத்தின் உணர்ச்சி எவ்விடத்தில் எவ்வளவு உயர்ந்து தாழ வேண்டும் என வரைபடம் தீட்டிக்கொண்டு அவர் நடித்தார். மேடைநடிகர் ஒருவர் திரையின் துண்டுபட்ட காலத்தை ஆளக் கண்ட வழி இது. இந்நடிப்பு அவரை ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

ஜேம்ஸ் ஹில்டனின் குறுநாவலைச் சாம் உட் படமாக்கிய ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’ வெளிவந்தபோது டோனட்டுக்கு வயது 34. இருபதுகளில் இருக்கும் கூச்சமுள்ள இளைஞன் எண்பதைக் கடந்த முதியவராகும் வரையுள்ள பருவங்கள் அனைத்தையும் அவரே நடித்தார். ஒப்பனையின் திறம் பெரிதே. ஆனால் முதுமையைக் காட்டியது ஒப்பனையைவிட மூச்சே எனலாம். வயது ஏற ஏறத் தொடரின் ஈறு தேய்கிறது. சிரிப்பு தொண்டைக்குள்ளேயே அடங்குகிறது. மனைவி மகப்பேற்றில் இறந்த நாளிலும் ஆசிரியர் வழக்கம்போல் வகுப்புக்கு வருகிறார். அன்று ஏப்ரல் முதல் நாள். செய்தி அறியாத மாணவர் தம் விளையாட்டில் இருக்க, அவர் ஏறத்தாழ ஒன்றுமே பேசாது அமர்ந்திருக்கிறார். அவலத்தை இவ்வளவு குறைந்த சொல்லில் காட்டிய காட்சி அக்காலப் படங்களில் அரிது.

போர்க்காலமும் பின்னும்

அவ்விருது அவருக்குப் பெரும்பயன் தரவில்லை. போர் மூண்டிருந்தது. எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஆறு படங்களுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் நிறைவேறவில்லை. இடைக்காலத்தில் ‘தி யங் மிஸ்டர் பிட்’ (1942), டெபோரா கெர்ருடன் நடித்த ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ (1945) ஆகியன வந்தன. மேடையை அவர் கைவிடவில்லை; 1943இல் பெர்னார்டு ஷாவின் ‘ஹார்ட்பிரேக் ஹவுஸ்’ நாடகத்தில் முதிய கப்பல் தலைவர் ஷாட்டோவராக நடித்தார். 1948இல் ‘தி வின்ஸ்லோ பாய்’ படத்தில் வழக்குரைஞர் இராபர்ட் மார்ட்டனாக, உணர்ச்சியை உள்ளே பூட்டிவைத்த குளிர்ந்த குரலில் ஒரு சிறுவனைக் குறுக்கு விசாரணை செய்வது அவருடைய பிற்காலப் பணிகளுள் தலையாயது. ‘தி கியூர் ஃபார் லவ்’ (1949) அவரே இயக்கியது. அதில் குறிப்பிட அதிகமில்லை.

1953இல் ஓல்ட் விக் அரங்கில் டி. எஸ். எலியட்டின் ‘மர்டர் இன் தி கதீட்ரல்’ நாடகத்தில் பேராயர் தாமஸ் பெக்கெட்டாக நடித்தார். நாடகத்தின் இடையே பேராயர் தனித்து நின்று நிகழ்த்தும் கிறித்துமஸ் அருளுரை நீண்டது. பிறர் உரையாடலில் மூச்சு வாங்க இடம் தராதது. மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் அவருக்காக ஆக்சிஜன் உருளைகள் வைக்கப்பட்டிருந்தன. அதுவே அவருடைய கடைசி மேடை. டேவிட் லீனின் ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ படத்தில் அவருக்கென அமைந்த வேடத்தை நோயால் இழக்க, அது ஜான் மில்ஸுக்குச் சென்றது. ‘லீஸ் ஆஃப் லைஃப்’ (1954) படத்தில், வாழ்நாள் எண்ணப்பட்டுவிட்டதை அறிந்த ஒரு பாதிரியாராக நடித்தார்.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். தம் நோயில் மனநிலையின் பங்கே மிகுதி என டோனட் தாமே எண்ணியிருந்தார். ஒவ்வொரு புதிய வேடமும் அவருக்கு அச்சமூட்டியது. ஆகவே நோய் நடிப்பைத் தடுத்ததா, நடிப்பின் பதற்றம் நோயை வளர்த்ததா எனப் பிரித்துக் கூறுதல் எளிதன்று.

இறுதிப்படமான ‘தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹேப்பினஸ்’ சீனாவில் நிகழும் கதை. படமாக்கப்பட்டது வேல்ஸ் மலைப்பகுதியில். ஆங்கிலேயர் ஒருவர் ஒப்பனை பூசிச் சீன அதிகாரியாக நடிப்பதை இன்றைய நோக்கர் ஏற்கமாட்டார். ஏற்க வேண்டியதும் இல்லை. எனினும் இன்கிரிட் பெர்க்மனிடம் அவ்வதிகாரி விடைபெறும் காட்சியில் குரல் மெலிந்தும் சொல் தெளிவு குன்றவில்லை. படம் திரைக்கு வருமுன்னரே, 1958 ஜூன் 9 அன்று, 53ஆம் வயதில் டோனட் இலண்டனில் காலமானார். மூளையில் கட்டி இருந்தமை அப்போது தெரியவந்தது; மூளைக் குருதிக்குழாய் அடைப்பே மரணத்தின் முதன்மைக் காரணம் எனச் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் ஈளைநோயால் இறந்தார் என்றே எழுதி வருகின்றன.