மினெட் டி சில்வா

மினெட் டி சில்வா (பெப்ரவரி 1, 1918 - நவம்பர் 24, 1998) இலங்கையைச் சேர்ந்த ஒரு கட்டிடக் கலைஞர் ஆவார். பிரித்தானியக் கட்டிடக் கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்ட முதல் ஆசியப் பெண் இவராவார். நவீன கட்டிடக்கலையை இலங்கையின் காலநிலை, கைவினை, வாழ்க்கை முறை ஆகியவற்றுடன் இணைத்த முன்னோடி. கண்டி வாவிக்கு அருகில் அமைந்துள்ள கலை மையம் இவரது பிற்கால ஆக்கங்களுள் முதன்மையானது.

இளமையும் கல்வியும்

கண்டியில் பிறந்த இவரது தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா ஓர் அரசியல்வாதி; சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். தாயார் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அந்த உரிமை 1931இல் இலங்கையில் கிடைத்தது.

மினெட் பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் கட்டிடக்கலை கற்றார். 1942ஆம் ஆண்டில் காந்தியின் விடுதலையைக் கோரிய ஊர்வலத்தில் கலந்து கொண்டதால் அங்கிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கரின் அலுவலகத்தில் பணியாற்றினார். 1946இல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்த் தொடங்கிய மார்க் கலை இதழின் தொடக்கக் குழுவில் இவரும் இவரது தமக்கை அனில் டி சில்வாவும் இடம்பெற்றனர். இலண்டன் கட்டிடக்கலைச் சங்கப் பள்ளியில் கல்வியை முடித்த இவர், 1948இல் அரச கழகத்தின் இணை உறுப்பினரானார். 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் கூடிய நவீன கட்டிடக்கலைக்கான பன்னாட்டுப் பேராயத்தில் பங்குபற்றினார். லெ கொர்புசியேயுடனான இவரது நட்பு நெடுங்காலம் நீடித்தது.

கண்டிப் பணிகள்

நாடு திரும்பியதும் கண்டியில் பெற்றோரின் புனித ஜார்ஜ் இல்லத்திலிருந்து தொழிலைத் தொடங்கினார். மலைச்சரிவில் அமைந்த கருணாரத்ன இல்லம் இவரது முதல் கட்டிடமாகும். இதில் திறந்த உள்வெளிகளும் காங்கிறீற்றும் ஒருபுறமிருக்க, உள்ளூர்க் கைவினைஞரின் சுட்ட களிமண் ஓடுகளும் தும்பரை நெசவும் அரக்கு வேலைப்பாடும் கட்டிடத்தின் உறுப்புகளாகவே பயன்பட்டன. வரவேற்பறைச் சுவரில் ஜார்ஜ் கீற் ஓவியம் தீட்டினார்.

1950களில் அரச ஊழியருக்காக அமைந்த வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேற இருந்தோரிடம் வினாக்கொத்து மூலம் தேவைகளைக் கேட்டறிந்து, அவற்றுக்கேற்பப் பலவகை வீடுகளை வகுத்தார். குடியிருப்போரும் வடிவமைப்பில் பங்கேற்கும் முறை பரவலாகப் பேசப்படுவதற்கு முந்திய முயற்சி இது. ஜெப்ரி பாவா கட்டிடக் கலைஞராகத் தொழிலைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முன்பே இவர் இவ்வழியைத் தொடங்கியிருந்தார். ஆயினும் இப்பாணியின் புகழ் பெரும்பாலும் பாவாவையே சென்றடைந்தது.

1970களில் இலண்டனிலும், 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அங்கு ஆசியக் கட்டிடக்கலை வரலாற்றைக் கற்பித்தார்.

கண்டி கலை மையம்

1882இல் நிறுவப்பட்ட கண்டிக் கலைச் சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி, 1982 - 1984 காலப்பகுதியில் இம்மையம் அமைக்கப்பட்டது. தலதா மாளிகைக்கு அண்மையில் உள்ள இவ்விடத்தில் பழைய கட்டிடத்தை இடிக்காமல், அதைச் சூழப் புதியவற்றை அமைத்தார். தோரணம், முற்றம், மண்டபம், அரங்கசாலை என்ற மரபுக் கூறுகளை நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இசையப் பல மட்டங்களில் கோத்தார். தாழ்ந்திறங்கும் ஓட்டுக் கூரைகள் நகரின் பழைய கட்டிடங்களோடு ஒத்திசைகின்றன. கண்டிய நடனமும் கைவினையும் பார்வைப் பொருளாக மட்டும் நில்லாது, அன்றாடம் நிகழ வேண்டிய இடமாக இதனைக் கருதினார். பின்னாளில் சுற்றுலாப் பயணிகளுக்கான நடனக் காட்சிகளால் மையம் தொடர்ந்து பயன்பட்டு வந்தது. அதே வேளையில் கட்டிடம் மாற்றங்களுக்கும் உள்ளானது.

பாதுகாப்பு

இவருடைய கட்டிடங்களுள் பல இடிக்கப்பட்டன, அல்லது உருமாறின. புனித ஜார்ஜ் இல்லமும் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. 1940ஆம் ஆண்டின் இலங்கைத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முந்திய கட்டிடங்களையே தொல்சின்னங்களாக வரையறுக்கிறது. பிற்காலத்தவற்றுக்குத் தனி அறிவித்தல் தேவை. எனவே விடுதலைக்குப் பிந்திய நவீன கட்டிடங்கள் எளிதில் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. கண்டி நகரம் 1988இல் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைக் களமாகச் சேர்க்கப்பட்டபோதும், மதிப்பின் மையமாக அமைந்தவை தலதா மாளிகையும் பழைய அரண்மனைத் தொகுதியுமே.

இறுதிக் காலம்

1996இல் இலங்கைக் கட்டிடக் கலைஞர் நிறுவகம் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இவர் 1998இல் தமது 80ஆவது அகவையில் கண்டியில் காலமானார். வரைபடங்கள், ஒளிப்படங்கள், கடிதங்கள் ஆகியவற்றைத் தொகுத்து இவர் எழுதிய தன்வரலாறு அதே ஆண்டில் வெளிவந்தது. அழிந்துபோன கட்டிடங்கள் பலவற்றின் வடிவத்தை அறிவதற்கு இந்நூல் முதன்மைச் சான்றாக விளங்குகின்றது.