நகருக்குப் பெயர் தந்தவர்

சிங்கப்பூரின் வட பகுதியில் உள்ள யீஷூன் நகரில் இன்று 200,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். வானுயர்ந்த அடுக்குமாடி வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை, நீர்த்தேக்கம் என எல்லா வசதிகளும் அங்கு உண்டு. ஆயினும், அண்மை ஆண்டுகளில் சமூக ஊடகங்களில் அந்நகரின் பெயர் கேலிக்கு உள்ளானது. வேடிக்கையான சம்பவம் எது நடந்தாலும் அது யீஷூனில்தான் நடந்திருக்கும் என்று பலர் நகைச்சுவையாக எழுதினார்கள். அப்படி எழுதியவர்களுள் எத்தனை பேருக்கு, யீஷூன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்திருக்கும்?

அந்த மனிதர் லிம் நீ சூன். அவர் 1879ஆம் ஆண்டு சிங்கப்பூரில், தியோச்சியூ சீனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்ததால் தாய்வழித் தாத்தாவின் பராமரிப்பில் வளர்ந்தார். ஆங்கிலப் பள்ளியில் கல்வி கற்ற அவர், இளம் வயதிலேயே வேலையில் சேர்ந்து வணிகத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் செம்பவாங், சிலேத்தார் வட்டாரங்களில் மக்கள் குறைவு. அதற்கு முன்பு அங்குக் கேம்பியர், மிளகுத் தோட்டங்கள் இருந்தன. கேம்பியர் இலைச் சாற்றைத் தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்படுத்துவார்கள். இலைகளைக் காய்ச்சுவதற்கு விறகு தேவைப்பட்டதால் சுற்றியிருந்த காடுகள் அழிந்தன, மண்ணும் வளமிழந்தது. தோட்டக்காரர்கள் வேறு இடம் தேடிச் சென்றார்கள். கைவிடப்பட்ட அந்த நிலத்தில் லிம் நீ சூன் ஒரு வாய்ப்பைக் கண்டார்.

ரப்பர் அப்போது புதிய பயிர். அதைப் பயிரிடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மரம் வளர்ந்து பால் தருவதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை தொழிலாளர்களுக்கு எப்படிக் கூலி கொடுப்பது? ரப்பர் கன்றுகளுக்கு இடையே அன்னாசியை நடுவதே அதற்கு விடையாக அமைந்தது. அன்னாசி விரைவில் காய்த்துவிடும். அதை விற்ற பணத்தில் ரப்பர்த் தோட்டத்தைப் பராமரிக்கலாம். லிம் நீ சூன் இம்முறையில் பெரும் வெற்றி கண்டார். ரப்பர்த் தொழிற்சாலையையும் அன்னாசியைப் பதப்படுத்தி டின்களில் அடைக்கும் தொழிலையும் நடத்தினார். மக்கள் அவரை அன்னாசி மன்னர் என்றே அழைத்தார்கள். அவருடைய தோட்டங்களை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு, பின்னர் நீ சூன் கிராமம் என்று பெயர் பெற்றது.

செல்வம் சேர்ந்த பிறகு அவர் ஒதுங்கி வாழவில்லை. சீனாவில் மன்னராட்சியை ஒழிக்கப் போராடிய டாக்டர் சுன் யாட் சென், 1906ஆம் ஆண்டு தம் இயக்கத்தின் கிளையைச் சிங்கப்பூரில் தொடங்கினார். லிம் நீ சூன் அதில் உறுப்பினராகிப் பொருளுதவியும் செய்தார். அது எளிதான முடிவன்று. சுன் யாட் சென் அப்போது சீன அரசால் தேடப்பட்டவர். அவருடைய எழுச்சிகள் அடுத்தடுத்துத் தோல்வியடைந்தன. கொடுத்த பணம் வீணாகலாம். தம் பெயரும் கெடலாம். அப்படியிருந்தும், அவர் தம் ஆதரவைக் கைவிடவில்லை. 1911ஆம் ஆண்டுப் புரட்சி வெற்றி பெற்றது. மறு ஆண்டு சீனா குடியரசானது.

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் அரசாங்கமும் அவரை மதித்துச் சமாதான நீதிபதியாக நியமித்தது. தம் சொந்தச் சமூகத்திலும் அவர் துணிவுடன் செயல்பட்டார். தியோச்சியூ மக்களின் பொதுச் சொத்துகளைப் பல ஆண்டுகளாக ஒரே குடும்பம் நிர்வகித்து வந்தது. அப்பொறுப்பு சமூகத்தின் கைக்கு வர வேண்டும் என்று 1920களின் பிற்பகுதியில் குரல் கொடுத்தவர்களுள் அவர் முன்னணியில் நின்றார்.

1936ஆம் ஆண்டு, சீனாவின் ஷங்ஹாய் நகரில் அவர் காலமானார். நான்ஜிங் நகரில், சுன் யாட் சென்னின் நினைவிடத்துக்கு அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சிங்கப்பூரில் பிறந்த ஒருவருக்குக் கிடைத்த அரிய மரியாதை அது.

1970களின் பிற்பகுதியில் புதிய நகரம் உருவாகத் தொடங்கியது. கிராமத்து மக்கள் வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சீன மக்களிடையே மாண்டரின் மொழிப் பயன்பாட்டை ஊக்குவித்த காலம் அது. ஆகவே, நீ சூன் என்ற தியோச்சியூப் பெயர் மாண்டரின் ஒலிப்பில் யீஷூன் ஆனது. எழுத்து ஒன்றுதான், ஒலி மட்டும் மாறியது. தேக்காவுக்கும் அதே நிலை ஏற்பட்டது. அங்குள்ள சந்தைக்கு ஜூஜியாவ் என்று பெயரிட்டார்கள். ஆனால், மக்கள் தொடர்ந்து தேக்கா என்றே சொல்லி வந்ததால் பழைய பெயர் திரும்பியது. யீஷூனுக்கு அப்படி நடக்கவில்லை. எனினும் நீ சூன் என்ற பெயர் குழுத்தொகுதியின் பெயரில் இன்றும் வாழ்கிறது. அவருடைய மகன் லிம் சோங் பாங்கின் பெயரை சோங் பாங் குடியிருப்பு தாங்கி நிற்கிறது.

வளமிழந்த நிலம், அன்னாசித் தோட்டம், கிராமம், புதுநகரம், இணையத்தில் கேலிப்பொருள் என அந்த வட்டாரத்தைப் பற்றிய மக்களின் எண்ணம் காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. இனியும் மாறும். மற்றவர்கள் பயனற்றது என்று விட்டுச் சென்ற மண்ணைத்தான் லிம் நீ சூன் நம்பிப் பயிரிட்டார். அடுத்த முறை யாராவது யீஷூனைக் கேலி செய்தால், அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம். சிரித்த பிறகு, அந்தப் பெயருக்கு உரியவரின் கதையையும் அவர்களுக்குச் சொல்லலாம்.