நுரையை அடக்கிய பேக்லண்ட்

உங்க வீட்டு பிரஷர் குக்கரோட கறுப்புக் கைப்பிடி எப்பவாவது உடைஞ்சிருக்கா? உடைஞ்ச இடத்தைப் பாருங்க. வெளியே இருக்கிற பளபளப்பு உள்ளே இருக்காது. தூளை அமுக்கி வெச்ச மாதிரி சொரசொரப்பா இருக்கும். பெரும்பாலும் அது தூள்தான். பிசினோட மரத்தூளைக் கலந்து அச்சில் அழுத்தியது. பேக்கலைட் என்கிற அந்தப் பெயர் லியோ பேக்லண்டிடமிருந்து வந்தது.

1863-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தார். அப்பா செருப்பு தைப்பவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். மகன் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினப்போ வயசு 21. (நம்ம வயசுதான். அரியர் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.) பேராசிரியரின் மகள் செலினைக் கல்யாணம் பண்ணி, 1889-ல் அமெரிக்கா போனார். விளக்கு வெளிச்சத்திலேயே படம் அச்சிடக்கூடிய வெலாக்ஸ் என்ற போட்டோ காகிதத்தைக் கண்டுபிடிச்சு, 1899-ல் ஈஸ்ட்மனுக்கு வித்தார். அதுக்கப்புறம் சம்பாதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸ் வீட்டில் சொந்தமா ஒரு லேப் வெச்சார்.

அப்போ மின்சாரம் வேகமா பரவுது. இன்சுலேஷனுக்கு அரக்கு வேணும். அது இந்தியாவில் பூச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுக்கிற சரக்கு. மாற்று தேடினவங்க ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துப் பார்த்தாங்க. 1872-லேயே பேயர் பார்த்த வினைதான். சிக்கல் என்னன்னா, வினையில் தண்ணீர் வெளியேறும், சூட்டில் ஆவியாகும். பிசின் இறுகும்போது உள்ளே ஓட்டை ஓட்டையா நுரைச்சுக்கிட்டு நிக்கும். நாம லேப்ல வாய்டுன்னு சொல்றோமே, அதேதான்.

மத்தவங்க சூட்டைக் குறைச்சாங்க. நுரை குறைஞ்சது, ஆனா இறுக ரொம்ப நாள் ஆச்சு. பேக்லண்ட் நேர் எதிரா போனார். சூட்டை ஏத்தினார், கூடவே மூடின இரும்புப் பாத்திரத்தில் அழுத்தத்தையும் ஏத்தினார். அழுத்தம் இருக்கும்வரை ஆவியால் குமிழியா விரிய முடியாது. அந்தப் பாத்திரத்துக்குப் பேர் பேக்கலைசர். 1907 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1909 பிப்ரவரியில் வேதியியலாளர்கள் முன்னால அறிவிப்பு.

ஆனா நுரை இல்லாத சுத்தப் பிசினும் கீழே விழுந்தா விரிசல் விடும். இறுகும்போது சுருங்கவும் செய்யும். அதனால மரத்தூள், ஆஸ்பெஸ்டாஸ் இழை சேர்த்தார். விரிசல் ஒவ்வொரு இழையையும் சுத்திப் போக வேண்டியிருக்கும். பிசின் பங்கு குறைவதால் சுருக்கமும் குறையும். ஃபில்லர்னா விலை குறைக்கப் போடற கலப்படம்னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும். (ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுக்கும்னு பின்னால தெரிஞ்சது வேற விஷயம்.)

இன்னைக்குக் கண்ணாடி இழை, எபாக்சியோட நானோ சிலிக்கா சேர்க்கும்போதும் இதே இழுபறிதான். கொஞ்சமா போட்டு, சீராப் பரவினா விரிசலைத் தடுக்கும். அதிகமானா பிசின் கெட்டியாகி இழைகளுக்கு நடுவே போகாது, காற்று மாட்டிக்கும். துகள் கட்டி தட்டினா அந்தக் கட்டியிலிருந்தே விரிசல் கிளம்பும். பேக்லண்ட் விரட்டின ஓட்டையை நாமே திரும்பக் கூட்டிட்டு வந்துடுவோம்.

1910-ல் கம்பெனி ஆரம்பிச்சார். டெலிபோன், ரேடியோ பெட்டி, ஸ்விட்ச் எல்லாம் பேக்கலைட் ஆச்சு. 1939-ல் யூனியன் கார்பைடுக்கு வித்துட்டு ஒதுங்கினார். கடைசி வருஷங்களில் டின்னில் அடைச்ச சாப்பாட்டைத் தனியா சாப்பிட்டவர். 1944-ல் இறந்தார். அந்தப் பழைய பேக்கலைசர் இப்போ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு.