தண்டிக்க அதிகாரம் இல்லாத தளபதி: சைப்ரஸில் ஜெனரல் திம்மய்யா எப்படிச் சமாளித்தார்?

கச்சிபௌலியில் வேலை பார்க்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குப் பழகிய தலைவலிதான். டீமில் ஒருவர் போலந்தில், ஒருவர் டல்லாஸில், இரண்டு பேர் சென்னையில். வேலை வாங்க வேண்டியது நீங்கள். ஆனால் அவர்களுடைய அப்ரைசல் வேறு யாரோ ஒருவர் கையில்.

அந்த டீமில் 6,000 பேர், அவர்கள் கையில் துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964-ல் ஜெனரல் கே.எஸ். திம்மய்யாவுக்குக் கிடைத்த வேலை அதுதான்.

யார் இவர்?

1906 மார்ச் 31 அன்று குடகின் மடிக்கேரியில் பிறந்தவர். சிறுவயதில் நம்ம குன்னூரில் படித்தார். பிறகு பெங்களூரு, டேராடூன், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட். 1926-ல் ராணுவ அதிகாரியானார்.

அவருடைய ரெஜிமெண்டின் பெயரிலேயே நீங்கள் வேலை பார்க்கும் ஊர் இருந்தது: 19-வது ஹைதராபாத் ரெஜிமெண்ட். நிஜாம் காலத்துப் படையில் இருந்து வளர்ந்த அது, 1945-ல் குமாவுன் ரெஜிமெண்ட் ஆனது. குமாவுனிகள், அஹீர்கள், ஜாட்கள் இருந்த படைக்கு அதிகாரி ஒரு குடகுக்காரர். பேச்சு, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாமே வேறு. அந்நிய நாட்டு வீரர்களைப் பார்க்கும் முன்பே அவருக்கு இந்தப் பாடம் தொடங்கிவிட்டது.

கொரியாவில் என்ன நடந்தது?

1953-ல் கொரியப் போர் நின்றபோது, ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கல். அதைக் கவனித்த ஐந்து நாட்டு ஆணையத்துக்குத் தலைவர் திம்மய்யா. ஒரு பக்கம் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து. மறுபக்கம் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா. இரண்டு பக்கமும் இழுக்க, நடுவில் இந்தியா. எந்த முடிவும் எல்லோருக்கும் பிடித்ததாக இருக்கவில்லை. கடைசியில் இரு தரப்பிடமும் போக விரும்பாத 88 பேர், 1954-ல் இந்தியப் படையோடு கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கினார்கள்.

சைப்ரஸ் ஏன் இன்னும் கடினம்?

1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவரை, 1964 ஜூலையில் ஐ.நா. சைப்ரஸுக்கு அனுப்பியது. கிரேக்க, துருக்கிய சமூகங்கள் மோதிக்கொண்டிருந்த தீவு அது. அவருக்குக் கீழே பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் வீரர்கள். இந்தியப் படைப்பிரிவு ஒன்றுகூட இல்லை.

ஐ.நா. படையின் விதி இதுதான்: எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தளபதி சொல்லலாம். ஆனால் தப்பு செய்த வீரரைத் தண்டிக்கும் உரிமை அவரவர் நாட்டுக்கே. தற்காப்புக்குத் தவிர சுடவும் கூடாது.

இதன் விலை சீக்கிரமே தெரிந்தது. அந்த செப்டம்பரில் சில ஸ்வீடன் வீரர்கள் துருக்கிய சைப்ரஸ் தரப்புக்கு ஆயுதம் கடத்திப் பிடிபட்டார்கள். நடுநிலைப் படை மீது கிரேக்கர்களுக்குச் சந்தேகம் வர இது போதாதா? 1960 வரை தீவை ஆண்ட பிரிட்டனின் வீரர்களும் அதே படையில் இருந்ததால், அவநம்பிக்கை ஏற்கெனவே உண்டு.

பிறகு எப்படி ஓடியது?

எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க யாரும் முயலவில்லை. ஒவ்வொரு நாட்டுப் படைக்கும் தனிப் பகுதி. அங்கே அவர்களுடைய மொழி, அவர்களுடைய அதிகாரிகள். பொதுவான கட்டளை மேலே தலைமையகத்தில் இருந்து வரும்.

அக்டோபரில், நிக்கோசியாவில் இருந்து கைரீனியா போகும் சாலை ஐ.நா. படையின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. கிரேக்கப் பயணிகள் ஐ.நா. பாதுகாப்போடு அதில் போக ஆரம்பித்தார்கள். கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் இரு தரப்பும் ஐ.நா. படையை நம்பினால் மட்டுமே அது நடக்கும். மிரட்ட அதிகாரம் இல்லாத தளபதிக்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

1965 டிசம்பர் 18 அன்று, பணியில் இருக்கும்போதே, மாரடைப்பால் திம்மய்யா சைப்ரஸில் இறந்தார். வயது 59. மறு ஆண்டே சைப்ரஸ் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அவர் நடத்திய படை 60 ஆண்டுகள் கடந்தும் அங்கே இருக்கிறது. தப்பு செய்த வீரரைத் தண்டிக்கும் உரிமை, இப்போதும் தளபதியிடம் இல்லை.