விபுலானந்த அடிகள் கண்ட சமநிலை

மாந்தர் யாவரும் ஒப்பர் என்பதனைப் பல நூல்களும் பலவாறு ஆராய்கின்றன. சட்ட நூலார் அதனை உரிமையிற் காண்பர்; பொருள் நூலார் செல்வப் பகிர்விலே தேடுவர்; சமுதாய நூலார் பிறப்பும் தொழிலும் வகுத்துவைத்த படிகளை அளந்து காட்டுவர்; மெய்ந்நூலார் உயிர்களின் ஒருமையைப் பேசுவர். பல துறைகளையும் துருவிக் கற்று, கற்றதனைச் செயலிற் காட்டிய பெரியார் ஒருவர் நம் கீழ்மாகாணத்திலே தோன்றினார். அவரே சுவாமி விபுலானந்தர்.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாகப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்றபின் கொழும்பு சென்று, 1916இல் விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் கைவந்தது. அக்காலத்தில் அப்பட்டம் பெற்றார்க்குப் பதவியும் பொருளும் அரியன அல்ல. அவரோ மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியையும் துறந்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆயினார்.

ஈழம் மீண்ட அடிகள் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளைக் கண்காணிக்கும் பணியை மேற்கொண்டார். எம் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர்தம் அரவணைப்பில் வளர்ந்தது. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். வறிய பிள்ளைகளும் கல்வி பெறவேண்டும் என்பதே அவர் கருத்து.

அக்காலத்து நாட்டு நிலையையும் இங்கே நினைதல் வேண்டும். 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. சட்டத்தின் முன்னே செல்வன் வாக்கும் ஏழை வாக்கும் ஒன்றாயின. ஆயினும் வகுப்பறை வாங்குகள் ஒன்றாகவில்லை. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் பல பாடசாலைகளில் நிலத்திலே அமர்ந்தனர். அவர்க்கும் சம ஆசனம் அளிக்கப் புகுந்தபோது, வடக்கிலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. உரிமை ஏட்டில் ஏறுவது எளிது. நெஞ்சில் ஏறுவது அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதே 1931இல் அடிகள் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். பகலிலே பட்ட வகுப்பு மாணவர்க்கு இலக்கியம் உரைத்தவர், அடுத்துள்ள திருவேட்களத்திலே தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த இடத்துக்குத் தாமே சென்று, அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். எல்லா உயிரிலும் ஒரு பொருளைக் காணும் வேதாந்தம் அவருக்கு மேடைப் பேச்சாக இருக்கவில்லை. அது சேரிக்கு நடந்து சென்றது.

இவ்வரலாற்றைச் சொல்லும்பொழுதெல்லாம் என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. யான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதிலே, துறைமுகத்தை அண்டிய ஒரு பாடசாலையில், அடிகளார் நினைவு விழாவுக்கு மாணவரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவரின் மகன் மற்றெவரினும் திருத்தமாகச் செய்யுள் ஓதினான். ஆயின் விழாவுக்கு அணிந்துவர அவனிடம் நல்ல வெள்ளைச் சட்டை இல்லை. அதனால் அவனை விடுத்து வேறொருவனை மேடையேற்றினேன். அதே மேடையிலே திருவேட்களத் தொண்டினை வியந்து அரைமணி நேரம் பேசியவனும் யானே.

மறுநாள் அவன் என்னை அணுகி, அடிகளாரிடம் படித்த அந்தப் பிள்ளைகள் எத்தகைய சட்டை அணிந்து வந்தார்கள் என்று வினவினான். என்னைக் குத்திக் காட்டும் எண்ணம் அவனுக்கில்லை. அறிய விரும்பியே கேட்டான். பண்டித வகுப்பிலே எத்தனையோ ஐயங்களைத் தீர்த்தவன் யான். அச்சிறுவனுக்கு விடை கூற இயலாது நின்றேன்.

அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞான அறிவும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே வாய்த்தமையால், மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து யாழ் நூலை யாத்தார். அந்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கல்லடிப் பாடசாலைச் சூழலிலேயே அவர்தம் சமாதி அமைந்துள்ளது.

அவர் புலமையை அளக்க எம்மனோரால் இயலாது. அவர் நடந்த வழியிலே சிறிது நடக்க யாவர்க்கும் இயலும். அச்சிறுவன் வினவிய நாள் தொட்டு இன்றுவரை, மேடையேறத் தக்க பிள்ளைக்குச் சட்டை இல்லையாயின், அதனைத் தேடிக் கொடுப்பது ஆசிரியனாகிய என் கடன் என்றே கொண்டுள்ளேன்.