அவையஞ்சா அடியார்

மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில், பிளவக்கல் முதலிய ஊர்களுக்கு அணித்தாக விளங்கும் பழம்பதி திருவில்லிபுத்தூர். இன்று 11 நிலைக் கோபுரம் நிமிர்ந்து நிற்கும் அவ்வூரில் தோன்றியவர் விட்டுசித்தர். அவர் கி.பி. 9-ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவர் வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் பின்வருமாறு கூறுகின்றன.

விட்டுசித்தர் நூற்புலமை தேடி அலைந்தவர் அல்லர். வடமதுரையில் மாலை தொடுக்கும் தொழிலாளி ஒருவரின் இல்லத்திற்குக் கண்ணன் தானே சென்று மாலை ஏற்ற செய்தி அவர் நெஞ்சைக் கவர்ந்தது. ஆதலின் நந்தவனம் ஒன்று அமைத்து, மலர் கொய்து, மாலை தொடுத்து, வடபத்திரசாயிப் பெருமாளுக்குச் சாத்துவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

அக்காலத்தே மதுரையில் அரசுபுரிந்தவன் வல்லபதேவ பாண்டியன். மறுமைக்கு உறுதி பயக்கும் பொருள் யாது என்னும் ஐயம் அவனை வருத்தியது. அமைச்சர் செல்வநம்பியின் அறிவுரைப்படி, பொற்கிழி ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டுப் புலவர்களை அழைத்தான். மெய்ப்பொருளை நிறுவுவார்முன் கிழி தானே தாழும் என்பது ஏற்பாடு. பல நூல் கற்றோர் திரண்டனர்.

அவ்வவைக்குச் செல்லுமாறு பெருமாள் விட்டுசித்தரைக் கனவிலே பணித்தார். அடியார் திகைத்தார். புலவர் நிறைந்த அவையில், மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கையைக் காட்டியோ கிழியைப் பெறுவது என்று மறுகினார். கிழியைப் பெறச் செய்வது தம் பொறுப்பென இறைவன் உணர்த்தினார். அதனையே துணையாகக் கொண்டு அவர் மதுரைக்குப் புறப்பட்டார்.

கல்லாத இவர்க்கு இங்கு என்ன வேலை என்று புலவர் சிலர் முணுமுணுத்தனர். விட்டுசித்தர் அவர்கள் முகத்தை நோக்கவில்லை. தம்மை அனுப்பியவனையே நினைந்தார். மறைகளின் பொருளை எடுத்துரைத்துத் திருமாலே பரம்பொருள் என நிறுவினார். கம்பம் வளைந்து கிழி தாழ்ந்தது. ஏளனம் செய்தோரும் வணங்கினர்.

வேந்தன் அவரை யானைமீதேற்றி உலாவரச் செய்தான். அக்காட்சியைக் காணத் திருமால் கருடன்மீது வானில் தோன்றினார். அந்நேரத்திலும் அடியார் தம் பெருமையை எண்ணினாரல்லர். பலர் கண்ணும் படுகின்ற இடத்தில் இறைவனுக்குத் தீங்கு நேருமோ என்றே கவன்றார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு இறைவனை வாழ்த்திப் பாடினார். அதுவே 12 பாசுரங்களைக் கொண்ட திருப்பல்லாண்டு. காக்கும் கடவுளுக்கே காப்புப் பாடியமையால் பெரியாழ்வார் எனப் பெயர் பெற்றார்.

பெற்ற பொருளைப் பெருமாளுக்கே அளித்து, அவர் மீண்டும் நந்தவனத்திற்குத் திரும்பினார். அத்தோட்டத்துத் துளசியினிடையே அவர் கண்டெடுத்து வளர்த்த மகளே ஆண்டாள்.

மாணவர்களே, பெரியாழ்வாருக்கும் முதலில் அச்சம் இருந்தது. தம் ஆற்றலை அளந்து பார்த்தபோது அஞ்சினார்; இறைவன்பால் பாரத்தை வைத்தபின் அரசவையிலும் தலைநிமிர்ந்து நின்றார். கடமை அழைக்கும்போது பிறர் ஏளனத்திற்கு அஞ்சிப் பின்வாங்காதீர். வெற்றி வந்தபின் பழைய பணிக்குத் திரும்பவும் நாணாதீர்.