சொற்களின் உறவறிந்த முனிவர்

நுழையும்முன்

தாய்மொழியில் எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்பதை எவரும் நமக்குப் பட்டியலிட்டுக் கற்பித்ததில்லை. கேட்டுக் கேட்டே அதனை உணர்ந்தோம். அங்ஙனம் கேட்டு வளரும் வாய்ப்பைப் பெறாத ஒருவர், முப்பது வயதுக்குப் பின் தமிழ் கற்று, அயலவர் கற்கும்போது எதிர்ப்படும் இடர்களைக் களையும் கருவிகளையும் ஆக்கித் தந்தார். அவரே வீரமாமுனிவர்.

அயல்நாட்டிலிருந்து தமிழகத்திற்கு

இத்தாலி நாட்டின் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியான அவர், 1710-இல் கோவாவில் வந்திறங்கி, பின்னர் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். தைரியநாதர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். பின்னாளில் வீரமாமுனிவர் எனப் போற்றப்பட்டார். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் பயின்றதாகக் கூறுவர்.

அவர் அறிந்த இத்தாலிய மொழியில் வேற்றுமைப் பொருளை உணர்த்தும் சொல் பெயருக்கு முன் நிற்கும். தமிழிலோ உருபு பெயரின் பின் ஒட்டும். ‘ஐ’ உருபைக் கேட்டவுடன் தமிழரின் செவி, செயப்படுபொருளை ஏற்கும் வினையொன்றை எதிர்நோக்கும். தென்னைக்கு ஓலை, வாழைக்கு இலை, நெல்லுக்குத் தாள் என்பதும், மயில் அகவும், யானை பிளிறும் என்பதும் நாவில் தாமே வந்தமையும். இலக்கணத்தார் இவற்றை மரபு என்பர். அயலவர்க்கு இவை ஒவ்வொன்றும் உழைத்துப் பெறவேண்டிய பொருளாகும்.

குழந்தையின் கணக்கு

இவ்வெதிர்பார்ப்பு எங்ஙனம் உருவாகிறது? அமெரிக்க ஆய்வாளர் மூவர் 1996-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு ஒளி தந்தது. பொருளற்ற செயற்கைச் சொற்களை இடைநிறுத்தமின்றித் தொடுத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டு நிமிடம் ஒலிக்கச் செய்தனர். அடுத்தடுத்து உறுதியாக வரும் அசைகளையும், தற்செயலாக அருகமைந்த அசைகளையும் அக்குழந்தைகள் வேறுபடுத்தி உணர்ந்தன. எழுத்தறியாப் பருவத்திலேயே மனம் ஒலிகளின் அணுக்கத்தைக் கணக்கிடுகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் இச்செல்வமே தாய்மொழியாளரின் முதல்.

ஓலையில் எழுந்த இடர்

இச்செல்வத்தின் அருமை ஓலைச்சுவடிகளில் விளங்கிற்று. அக்காலத்தில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும், நெடில்கள் பெறா. ஆனால், புள்ளியிட்டால் ஓலை கிழியக்கூடுமென அதனை இடாமலே எழுதினர். எனவே ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒரே வடிவாயின. அருகில் நீரும் மீனும் வந்தால் ஏரி எனவும், விறகும் புகையும் வந்தால் எரி எனவும் தமிழறிந்தோர் எளிதில் படித்தனர். அண்டைச் சொற்களே அவர்க்கு விளக்கு. அவ்விளக்கைப் பெறாத புதியவரோ ஒரு சொல்லுக்குள்ளேயே வழிதவறி, நீரை நெருப்பாகப் பொருள்கொள்வார்.

வீரமாமுனிவர் நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். எ, ஏ என்றும், ஒ, ஓ என்றும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதுவது அச்சீர்திருத்தத்தின் பயனாகும். ஊகத்தால் அறிந்துவந்தது கண்ணால் அறியத்தக்கதாயிற்று.

நான்கு வாயில்கள்

அவருக்கு முன் சொற்பொருள் கற்போர் நிகண்டுகளை மனனம் செய்தனர். அவை செய்யுளால் ஆனவை. சொற்களை முதலெழுத்தால் அடுக்கும் முறை 1594-இல் தோன்றிய அகராதி நிகண்டிலேயே உண்டு. அம்முறையை விரித்து, உரைநடையில் பொருள் கூறி, 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார்.

அதன் நான்கு பகுதிகளும் சொல்லின் நால்வகை உறவைக் காட்டுகின்றன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதியும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதியும் தருகின்றன. முக்கனி, ஐம்புலன் போல எண்ணால் இணைந்து வழங்குவனவற்றைக் கூறுவது தொகையகராதி. எதுகையால் ஒன்றுபடும் சொற்களைத் திரட்டித் தருவது தொடையகராதி. ஒரு சொல்லை அறிவதாவது அதன் சுற்றத்தையும் அறிவதே என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

பேச்சிலும் எழுத்திலும் சொற்கள் அமையும் நெறி வேறுபடுவதால், கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். விதிகள் மட்டும் போதா. தொடர்ந்து படிக்க உரையும் வேண்டும். எளிய நடையில் அமைந்த பரமார்த்த குருகதை, நகைச்சுவையோடு அத்தேவையையும் நிறைவு செய்தது.

கற்றவர் கவிஞரானார்

கற்றல் முழுமையுற்றதற்குச் சான்று தேம்பாவணி. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியம், வளர்ந்தபின் கற்ற மொழியில் எழுந்தது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து, தாம் பெற்றதை ஐரோப்பியர்க்கும் அளித்தார்.

1747-இல் அவர் மறைந்தார். ஓலையில் வாழ்ந்த அவருடைய நூல்கள் பல அடுத்த நூற்றாண்டில் அச்சேறின. சதுரகராதி 1824-இல் சென்னையிலும், தேம்பாவணி அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலும் வெளிவந்தன. ஐயமுற்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டும் மாணவரும், ஏகாரத்தை எகரத்தினின்று பிரித்தெழுதும் சிறுவரும் இன்றும் அவர் உழைப்பின் பயனைத் துய்க்கின்றனர்.